காரணம் என்ற கட்டம்

எங்கள் காலேஜ் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் அக்கா இருந்தார். அவரிடம் 'சுமாராக' என்ற சொல் மட்டும் செல்லாது.

"வீட்டுக்கும் காலேஜுக்கும் எம்புட்டுத் தூரம்?"

"பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும்க்கா."

"பத்தா, பன்னெண்டா?"

"பதினொண்ணுன்னு போட்டுக்கங்க."

"ஏப்பா, நீ போட்டுக்கச் சொல்றதப் போடவா நான் உக்காந்திருக்கேன்? பஸ் டிக்கெட் வச்சிருக்கியா, எடு."

டிக்கெட்டை வாங்கி, அதிலிருக்கும் ஸ்டேஜ் நம்பரைப் பார்த்து, டிராயருக்குள் இருந்து ஸ்டேஜ் தூரம் எழுதிய ஒரு நைந்த பேப்பரை எடுத்து ஒப்பிட்டு, அதற்குப் பிறகுதான் டைப் அடிப்பார். பின்னால் வரிசை வராண்டா வரைக்கும் நீளும். நாங்கள் முனகுவோம். அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அலுப்பா இருக்குப்பா, சத்தம் போடாதீக" என்பார். அலுப்பு என்று சொல்லாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்தில் போனாலே தைல வாசம் வரும்.

கேன்டீன்காரர் "ரெண்டு மூணு வடை தரவா?" என்று கேட்டால், "ரெண்டாண்ணே, மூணாண்ணே?" என்று அவரையே திருப்பிக் கேட்பார். எத்தனை வருடமாக வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஆறு வருஷம் நாலு மாசம். தற்காலிகமா" என்றார். சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்போது எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ரெண்டாம் வருடம், உலகமே என் மவுசுக்குள் இருப்பதாக நினைப்பு.

அந்த வருடம்தான் மதுரையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து பிரின்சிபாலிடம் ஒரு சாப்ட்வேரை விற்றுவிட்டுப் போனார். எங்கள் காலேஜின் பிரச்சினை ஊருக்கே தெரியும். முதல் வருடம் பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த வகுப்பில், மூன்றாம் வருடம் காலை நீட்டிப் படுக்கலாம். பாதிப் பேர் டிஸ்கண்டினியூ. ஒருத்தன் திருப்பூர் போயிருப்பான், ஒருத்தி கல்யாணமாகிப் போயிருப்பாள், இன்னொருத்தன் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறியிருப்பான். இதற்கு அந்த டை ஆசாமி மருந்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கலர். ஒழுங்காக வந்தால் பச்சை, லீவு கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. கிளாசுக்கு வராத அன்று காலை பத்தரைக்கு வீட்டுக்குத் தானாகவே எஸ்.எம்.எஸ். போய்விடும். வீட்டில் தெரிந்தால் பிள்ளை வந்துவிடும், பிள்ளை வந்தால் படிப்பு முடியும். இதுதான் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு வேலை இரட்டிப்பானது. அட்டண்டன்ஸ் நோட்டு எல்லாம் பத்து மணிக்குள் அவர் மேஜைக்கு வரும், பத்தரைக்குள் ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போகும். யு.பி.எஸ். கீகீ என்று கத்தி அடங்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு இருட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார், விட்ட இடத்திலிருந்து இல்லை. "எங்கன விட்டேன்னு சுமாராத்தான தெரியும்" என்பார்.

இந்த எஸ்.எம்.எஸ்ஸுக்கு அப்பா நம்பர் கேட்டு ஒரு பாரம் கொடுத்தார்கள். எங்களிடமா! கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடை அண்ணன் இருந்தார். எங்கள் வகுப்பே அங்கேதான் டாப்-அப் பண்ணும். அவர் கடை நம்பரை அப்பா நம்பர் என்று முதலில் எழுதியது நான். அடுத்த வாரம் இருபத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அண்ணனும் பெருந்தன்மையாக, "காலேஜுல இருந்து கேட்டா நான்தான்டா ஒங்க அப்பன்" என்று ஒத்துக்கொண்டார். காலை பத்தரைக்கு மேஜை மேல் இருந்த அவருடைய போன் வைப்ரேட் ஆகி ஆகி, தானே நடந்துபோய்க் கீழே விழும்.

சாப்ட்வேருக்கு இது தெரியாது. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் அந்த நம்பர் கட்டத்தைப் பிடித்து வரிசைப்படுத்தியிருக்கிறார். ஒரே நம்பர் இருபத்து மூன்று தடவை, ஒன்றன் கீழ் ஒன்றாக. உடனே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஆபீசில் அப்போது பீஸ் கட்ட நின்ற பையன்கள் மொத்தப் பேரும் கேட்டார்கள்.

"கலைச்செல்வனோட அப்பாவா பேசுறது?"

"ஆமாங்க."

"மகேஸ்வரியோட அப்பா?"

"ஆமாங்க."

"சாகுலோட அப்பா?"

"…ஆமாங்க."

"ஜெபராஜோட அப்பாவும் நீங்கதானா?"

"மேடம், கடையில ஆளு நிக்குது."

அதற்கு மேல் ரெண்டே நிமிடத்தில் அண்ணன் என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போட்டுக் கிழிப்பார் என்று பார்த்தால், கன்னத்தில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரின்சிபால் சார்ட்ட சொன்னா இருபத்து மூணு பேரையும் சஸ்பெண்டு பண்ணுவாக. எனக்கு அது வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள இருபத்து மூணு நம்பரும் சரியா வரணும். நீதான கெடுத்த, நீயே கொண்டா."

"இருவது வந்தாப் போதும்லக்கா?"

"இருபத்து மூணுன்னேன்."

இருபத்து ரெண்டு வாங்கிவிட்டேன். மகேஸ் என்கிற மகேஸ்வரி மட்டும் தரவில்லை. என் ஊர்க்காரப் பிள்ளைதான், கூடலூர். வகுப்பில் எப்போதும் முதல் ரெண்டு ரேங்க்குக்குள் வருபவள். பெரியப்பா வீட்டில் இருந்து படித்தாள். பொதுவாக எதற்கும் வாக்குவாதம் பண்ணாதவள், அன்று லேப் வாசலில் என்னை நிறுத்தி, "எங்க வீட்ல போன் இல்லன்னு சொல்லிரு" என்றாள்.

"ஒங்க பெரியப்பாகிட்ட இல்லாத போனா? ஜீப்பு ஓட்டுறாரு!"

"இல்லன்னு சொல்லிருன்னா சொல்லிரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. பிரமாதமான யோசனை என்று நினைத்தேன். அவள் பெரியப்பாவின் ஜீப் தினமும் கூடலூர் ஸ்டாண்டில்தான் நிற்கும். பின்பக்கம், ஸ்டெப்னிக்கு மேலே, 'எஸ்டேட் வாடகைக்கு' என்று எழுதி மஞ்சள் பெயின்டில் செல் நம்பர் போட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டுபோய், இருபத்து மூன்றாவதாக அக்காவிடம் கொடுத்தேன்.

"மகேஸ்வரியே குடுத்துச்சா?"

"ஆமாக்கா."

அவர் நம்பிவிடவில்லை. என் முன்னாலேயே போன் போட்டார். "மகேஸ்வரி வீடுங்களா?" "ஆமா, பெரியப்பா பேசுறேன், சொல்லுங்க." நம்பர் சரி. சரிதானா என்று பார்த்து வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் அலுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. "இப்பத்தான்ப்பா லிஸ்டு லிஸ்டு மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மகேஸ் வரவில்லை. பத்தரைக்கு மெசேஜ் போனது. அதில் அன்று வராதது மட்டுமல்ல, அந்த செமஸ்டரில் மொத்தம் ஒன்பது நாள் வராததும் இருந்தது. மெசேஜ் இங்கிலீஷில்தான் வரும். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஸ்டாண்டில் இருந்த ஒரு சின்னப் பையன் டிரைவரிடம் போனை நீட்டி, "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவன் எல்லா டிரைவர்களுக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறான்.

"அண்ணே, ஒங்க வீட்டுப் பிள்ள காலேஜுக்கே போகலையாம்ணே. ஒம்போது நாளு! காலம்பற கெளம்பி எங்கனதான் போகுது?"

ஸ்டாண்டே சிரித்திருக்கிறது. அதோடு முடிந்தது. மறுநாள் மகேஸ் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். நான் லேப் ரெக்கார்டில் சீல் வாங்க ஆபீசில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஜன்னலுக்குக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தாயி, ஒரே ஒரு விசயம். எங்க பிள்ள திங்கக்கெழம வந்துச்சா, வரலையா? மிசினு தப்பா அனுப்புறதும் உண்டும்பாக. தப்புன்னா தப்புன்னு சொல்லு, நான் அந்தப் பயலுககிட்டப் போயிச் சொல்லிக்கிறேன்."

கேளுங்கள், அந்த மனிதர் கதவைத் திறந்துவிட்டுத்தான் நின்றார். தப்பு என்ற ஒரு வார்த்தை போதும். என் மனசுக்குள் நான் கத்தினேன், சொல்லுங்கக்கா, மிஷின் தப்புன்னு சொல்லுங்க. அக்கா திரையைப் பார்த்தார். அந்தத் திங்கள் வரைக்கும் அதில் ஒன்பது கட்டம் சிவப்பாக இருந்தது, அத்தனையும் திங்கட்கிழமை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"வரலண்ணே" என்றார்.

"ஒம்போது நாளுமா?"

"ஒம்போது நாளும்."

பெரியப்பா தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப டி.சி.யக் குடுத்துரு தாயி" என்றார்.

அவர் போன பிறகு நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "ஒரு வார்த்த மாத்திச் சொன்னா என்னக்கா கொறஞ்சு போகும்?"

"இருக்கிறதத்தானப்பா சொல்ல முடியும்."

"ஒங்க கம்ப்யூட்டரு சரியாத்தான் இருக்கு. பிள்ள போயிருச்சு!"

அவர் தைல டப்பாவைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். மகேஸ் திங்கட்கிழமைகளில் எங்கே போனாள் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடை அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

"ஏலே, அந்தப் பிள்ள ஆத்தாளப் பாக்கப் போகுதுடா. அப்பா செத்த பின்னாடி அந்தம்மா சண்ட போட்டுக்கிட்டு மலைக்குப் போயிருச்சு, ஏலத் தோட்டத்து லயத்துல, கூலியாளுக வீட்டு வரிசையில இருக்கு. பெரியப்பன் வீட்ல அவ பேரையே எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம அவரு வீட்ல இருப்பாரு. திங்கக்கெழம காலேஜுன்னு கெளம்பி, இது குமுளி பஸ்சு ஏறிப் போயிரும். ஆத்தா கூட நின்னு காய் எடுத்துக் குடுத்துட்டு, சாயந்தரம் எறங்கி வந்துரும். எங்கிட்ட வந்து, அண்ணே மெசேஜ் வந்தா அழிச்சிருங்கன்னுச்சு. அழிச்சேன்."

"ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ஏன் போகலன்னு கேட்டேன். சொல்லுச்சு."

இவ்வளவுதான். சாப்ட்வேரில் மூன்று கலர் இருந்தது. அதில் இந்தக் கேள்வி இல்லை. பொய் அப்பாதான் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகேஸ் அம்மாவைப் பார்க்கத்தான் போனாள், நம்பரை அவள் கொடுக்கவில்லை, ஜீப்புக்குப் பின்னால் பார்த்து நான் எழுதினேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடுத்தது நீ" என்றார். பிறகு, "கேட்டது நான்ல" என்றார்.

அன்றைக்கே அந்தத் தானியங்கி எஸ்.எம்.எஸ்ஸை நிறுத்திவிட்டார், பிரின்சிபாலிடம் சொல்லாமல். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக வந்தார். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக வராண்டாவுக்குக் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டார். நீ வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்? யாரிடம் சொல்லக் கூடாது? சாப்ட்வேரில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் நோட்டு. ஒருத்தன் தன் கூடப்பிறந்த அக்காவிடம் சொல்லுங்கள், அப்பா குடித்திருப்பார் என்றான். ஒருத்தி தமிழ் டீச்சரிடம் சொல்லச் சொன்னாள். ஒருத்தன் யாருமே இல்லை என்றான். அவனுக்கு நேராகத் தன் நம்பரை எழுதிக்கொண்டார். மஞ்சள் விழுந்தவர்களுக்கு சாயந்திரம் அவரே போன் போடுவார், ஐந்து மணிக்கு மேல், கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு. அப்படி ரெண்டு பேர் திருப்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். எனக்குத் தெரிந்து ரெண்டு பேர். அக்காவைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.

மகேஸுக்கும் போட்டார். ஒவ்வொரு முறையும் பெரியப்பாதான் எடுத்தார்.

டி.சி. வாங்கப் பெரியப்பா மறுபடி வந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டம் வேல செய்யலண்ணே, அடுத்த வாரம் வாங்க" என்றார். சிஸ்டம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு என் காதை நம்ப முடியவில்லை. அடுத்த வாரம் வந்தார். "சர்வர் டவுனுண்ணே." அதற்கடுத்த முறை, "அந்தப் பிள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்ணே, கூட்டிட்டு வாங்க" என்றார். டி.சி. கொடுக்காதவரை பெயர் பட்டியலில் இருக்கும். பெயர் இருந்தால் இந்த வருடம் போனாலும் அடுத்த வருடம் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். இதற்காகத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும்போது அவர் கை கீ-போர்டை விட்டு மடியில் இருந்தது.

மகேஸ் வந்தாள். நான் அப்போது கன்டோனேஷன் பாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கே அட்டண்டன்ஸ் இல்லை, பிரின்சிபால் கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட். பெரியப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"பாப்பா, கையெழுத்துப் போடாத. எனக்கு நாலு நாளு வேணும், பெரியப்பாட்ட நான் பேசுறேன். ஒங்க அம்மாவயும் நான் போயிப் பாக்குறேன்."

"வேணாம்க்கா. குடுத்துருங்க."

"ஏன்த்தா?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் இல்லங்கறீக, அவுக வெறுங்கையோட வந்து நிக்கிறாக. வந்த அன்னைக்கெல்லாம் வீட்ல பேச்சு எனக்குத்தான். முடியலக்கா."

தான் சொன்ன பொய்யும் அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. மகேஸ் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டாள். டி.சி. ரெண்டு நிமிடத்தில் பிரின்ட் ஆகி வந்தது. வாங்கிக்கொண்டு, "வாறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது சாப்ட்வேர் காரணம் கேட்கும். அந்தக் கட்டத்தில் எங்கள் ஆபீசில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் போடுவார்கள். அக்கா நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக டைப் அடித்தார். எட்டிப் பார்த்தேன். 'கல்லூரி அலுவலகம் அனுப்பிய குறுஞ்செய்தி.'

அந்த வாரமே ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. படிப்பை விட்டவர்கள் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு பிரின்சிபால் ஆபீசுக்கு வந்தார்.

"என்னம்மா எழுதி வச்சிருக்கீங்க? இத மாத்துங்க."

"நடந்தது அதான் சார்."

"வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க? குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க."

"குடும்பத்துல போயி நாமதான சார் சூழ்நிலைய உண்டாக்குனோம். நான் மாத்தல. நீங்க மாத்திக்கங்க."

அவர் குரலில் வீறாப்பு எதுவும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிரின்சிபாலுக்கு எங்கே தட்டுவது என்று தெரியாது. சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துக்காக நான் கொடுத்திருந்த கன்டோனேஷன் பாரமும் அவர் கையில்தான் இருந்தது.

"நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானப்பா? உக்காரு."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

மாற்றினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. 'குடும்பச் சூழ்நிலை' என்று அடித்து, சேவ் கொடுத்தேன். பிரின்சிபால் என் பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, புதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பழச எடுக்க முடியாதாக்கா?" என்று கேட்டேன்.

"பழசு எங்கயும் போகாது. எது இருந்துச்சு, எது ஆச்சு, எத்தன மணிக்கு, யாரு மாத்துனா, எல்லாத்தையும் அது உள்ள எழுதி வச்சுக்கும். ஒருத்தரும் பாக்க மாட்டாக. ஆனா இருக்கும்."

"யாரு மாத்துனதுன்னு இருக்கும்?"

"என் பேருதான். என் லாகின்லதான நீ உக்காந்த."

ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நாற்காலி முதுகில் வைத்தார்.

"எந்திரிப்பா. வரிசையில ஆளு நிக்குது."